பெரியவர் செவிக்கு எட்டாத மறையுரை



திருவரங்கத்தில் வாழும் நம் பங்குக் குடும்பம் ஒன்றின் வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். பொன்மலை ரயில்வே பணிமனையின் இரைச்சலில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அவ்வீட்டுப் பெரியவருக்குச் செவிப்புலன் மங்கியிருந்தது. முழங்கால் நோயினால் ஆலயம் வர இயலாத அவர், ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் திருப்பலி காண்பது வழக்கம். அவருக்கெனவே மகன் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பெரிய பெட்டியும் கொண்ட கருவியைத் தவணைக்கு வாங்கியிருந்தார். பெரியவரோ, "சாமி, பாட்டு நன்றாய்க் கேட்கிறது, பிரசங்கந்தான் ஒன்றும் விளங்கவில்லை" என்று வருந்தினார். மகனின் முகம் வாடிப்போயிற்று.

கருவியை நோக்கினோம். ஸ்பீக்கர்கள் ஐந்தும் அலங்காரப் பொருள்கள்போல ஒரே அலமாரியில் நின்றன. ரிமோட்டில் 'சர்ச்' என்றொரு பொத்தான். திருப்பலிக்கு உகந்தது அதுவே என எண்ணி மகன் அதை அழுத்தி வைத்திருந்தார்! உயர்ந்த கூரையுள்ள ஆலயத்தில் ஒலி சுவர்தோறும் மோதித் திரும்புமன்றோ? அதனைச் செயற்கையாகச் சேர்ப்பதே அப்பொத்தானின் பணி. ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து விழ, இரண்டும் கலங்கிவிடும். பாடலுக்கு அது மெருகு, பேச்சுக்குப் பகை.

இத்தகைய கருவி வாங்குவோர் சில சொற்களை அறிந்திருத்தல் நலம். ஒரே வழியாக வரும் ஒலி மோனோ. இடம், வலம் என இரு வழியாக வருவது ஸ்டீரியோ. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் இதற்கெனக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கேட்போரைச் சூழ்ந்து ஒலிப்பது சரவுண்ட். (இக்கருத்து புதிதன்று. வெனிஸ் நகரத் தூய மாற்கு ஆலயத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே பாடகர் குழுக்களைப் பிரித்து நிறுத்திப் பாடச் செய்தனர்.) 5.1 என்பதில் ஐந்து, முன்னே இடம், நடு, வலம் என மூன்றும், பக்கங்களில் இரண்டும் ஆகும். புள்ளிக்குப் பின்வரும் ஒன்று, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஆழ்ந்த ஒலிக்கு ஒதுக்கிய வழி. அதனை ஒலிக்கும் பெட்டியே சப்வூஃபர். 5.1.2 எனில், கடைசி இரண்டும் மேலிருந்து ஒலிப்பவை. 2012-இல் வந்த டால்பி அட்மாஸ் முறைக்கு உரியவை.

இவற்றுள் பேச்சுக்கு உயிர் நடு ஸ்பீக்கரே. திரைப்பட உரையாடல் பெரும்பாலும் அதன் வழியே வரும். ஸ்டீரியோவாக வரும் நிகழ்ச்சியிலும், டால்பி புரோ லாஜிக் போன்ற முறை இரு வழிக்கும் பொதுவான குரலைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும். ஆகவே 'சர்ச்' பொத்தானை விடுவித்து அம்முறையை இயக்கினோம். நடு ஸ்பீக்கரைத் திரைக்கு நேர்கீழே வைத்து அதன் அளவை மட்டும் கூட்டினோம். பக்க ஸ்பீக்கர்களைப் பெரியவரின் நாற்காலிக்கு இருபுறமும் சற்றுப் பின்னே மாற்றினோம். அடுத்த ஞாயிறு மகனிடம் சொல்லியனுப்பினார்: வாசகங்கள் இரண்டும் விளங்கினவாம், மறையுரைதான் சற்று நீளமாம்.

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட் என அச்சிட்டிருப்பது கண்டு மயங்க வேண்டா. பி.எம்.பி.ஓ. என்பது கண நேர உச்சத்தை ஊதிக்காட்டும் விளம்பர எண். தொடர்ந்து தரும் ஆற்றலை அறிய ஆர்.எம்.எஸ். எண்ணையே கேளுங்கள். வாட் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபலே கூடும். செவிக்கு இருமடங்காய்த் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

சப்வூஃபரின் ஆழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் எளிதில் ஊடுருவும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலும் வரம்பாக வைத்துள்ளன. வீட்டுக் கருவியின் ஒலி, வீட்டெல்லையில் இதனை 5 டெசிபலுக்கு மேல் விஞ்சலாகாது. நாம் சொன்ன வீட்டின் பொதுச் சுவருக்கு அப்பால், விடியுமுன் எழுந்து காவிரியில் நீராடச் செல்லும் முதிய தம்பதியர் வாழ்கின்றனர். மகன் சப்வூஃபரை அச்சுவரிலிருந்து நகர்த்தி வைத்ததோடு, இரவு ஒன்பதரைக்கே நிறுத்திவிடவும் இசைந்துள்ளார்.