சென்னை ஓபன் கைநழுவியது எப்படி?

2017 வரை ஜனவரி பிறந்தாலே நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம் களைகட்டிவிடும். ஆஸ்திரேலியன் ஓபனுக்குத் தயாராகும் வீரர்கள் முதலில் இங்கே வருவார்கள். ராஃப்டரும் மோயாவும் இங்கே ஜெயித்தவர்கள். வாவ்ரிங்கா 4 முறை கோப்பை வென்றார். 2004-ல் இரட்டையர் பட்டம் வென்றபோது நடாலுக்கு வயது 17.

அப்பேர்ப்பட்ட போட்டி 2018-ல் புனேவுக்குப் போயிடுச்சு. காரணம் சிம்பிள்: ஏடிபி போட்டியை நடத்தும் உரிமை ஊருக்குச் சொந்தமல்ல, அதைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் சொந்தம். சென்னைக்கே இது 1996-ல் டெல்லியில் தொடங்கி, அடுத்த ஆண்டு இடம் மாறி வந்ததுதான். புனேவிலும் 2023-க்குப் பிறகு இல்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? டிக்கெட் வாங்கும் ரசிகருக்கு மட்டுமல்ல. உள்ளூர் வீரர்களுக்கு வைல்டு கார்டு தருவது போட்டியை நடத்துபவர்கள்தான். 2009-ல் சோம்தேவ் தேவ்வர்மன் அப்படி உள்ளே நுழைந்துதான் மோயாவை வீழ்த்தி, ஃபைனல் வரை போனார். சொந்த மண்ணில் போட்டி இல்லையென்றால் அந்தக் கதவும் இல்லை.

2022-ல் மகளிருக்கான டபிள்யூடிஏ போட்டி சென்னைக்கு வந்தது. பிறகு இடைவெளி, 2025-ல்தான் மறுபடி நடந்தது. விட்டு விட்டு நடந்தால் பழக்கம் உருவாகாது. அரசும் டென்னிஸ் சங்கமும் ஸ்டேடியத்தைத் தந்தால் மட்டும் போதாது, பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.