எல்லாம் தெரிந்தவர்கள்

சென்ற மாதம் கடம்பூரில் ஒரு கூட்டம். பிரபஞ்சத் தோற்றத்தைப் பற்றிப் பேச வந்த பிரசங்கி, "இழைக் கொள்கை என்று வெள்ளைக்காரன் இன்று சொல்வதை நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று முடித்தார். ஒரே கைதட்டல். நான் தட்டவில்லை. பக்கத்திலிருந்த நண்பருக்கு வருத்தம். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல; கதை எழுதுகிறவன். எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். பிரபஞ்சம் பிறந்த கணத்தில் அசுர வேகத்தில் விரிந்தது என்கிறார்கள். வெற்றிடத்திலும் ஓயாத குவாண்டம் சலனங்கள், அந்த விரிவில் இழுபட்டு, பின்னால் தோன்றிய நட்சத்திர மண்டலங்களுக்கு வித்தாயின என்பது கொள்கை. ஆதி ஒளியின் மிச்சத்தில், சுமார் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வை 1992-இல் கோபி செயற்கைக்கோள் காட்டியது. கரிசல் காட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை மழைத் தண்ணீர் கண்டுபிடித்துத் தேங்குகிறதல்லவா? அதுபோல அற்ப வித்தியாசமே போதும், பொருள்கள் திரள.

இந்த விரிவுக்கு இழைக் கொள்கையில் இடம் உண்டா? விரியும் பிரபஞ்சத்துக்கு அதில் ஒரு வழி உண்டு என்று 2003-இல் காட்டிய நால்வரில் ஒருவர், மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தின் சந்தீப் திரிவேதி. அதே ஆண்டு அவரும் வேறு சிலரும் சேர்ந்து ஆதி விரிவுக்கும் கணக்குப் போட்டார்கள். அதிலுள்ள சிக்கலையும் தாங்களே எழுதி வைத்தார்கள். 2018-இல் கும்ரூன் வாஃபா முதலியோர், நால்வர் காட்டிய மாதிரிப் பிரபஞ்சத்துக்கு இழைக் கொள்கை இடமே கொடுக்காது என்று ஊகித்தார்கள். வாஃபாவும் இழைக் கொள்கைக்காரர்தான்! வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் பிரசங்கிக்கு இந்தக் கவலை உண்டா? கொள்கை நின்றால், "அன்றே சொன்னோம்." விழுந்தால், "அதையும் சொன்னோம்." எது நடந்தாலும் பலிக்கிற வாக்கு குடுகுடுப்பைக்காரன் வாக்கு, ஞானம் ஆகாது.

இது முன்னோருக்கும் மரியாதை அல்ல. மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியையும் விசாரித்துக் கேட்டாள். யாருக்கும் கைதட்டிவிட்டு வரவில்லை.

எங்கள் ஊர்ச் சம்சாரி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். மழை தப்பினால் கணக்குத் தப்பியது என்று ஒப்புக்கொண்டு மறுவிதைப்புக்கு வழி தேடுகிறான். அந்தக் கணக்காளர்கள் அவன் ஜாதி. மேடையில் நின்ற மனிதர் விதைக்காமலே வெள்ளாமையை வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். அதற்கு என் கை தட்டாது.