தீர்ப்புக்குக் காத்திருக்கச் சொன்னது யார்?

“கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.” குற்றத்தில் ஆளையோ கை காலையோ இழந்த குடும்பம் நம் ஊரில் முதலில் கேட்கும் சட்ட ஆலோசனை இதுதான். சொல்பவர் கெட்டவர் இல்லை. உறவுக்காரர் சொல்வார், கவுன்சிலர் சொல்வார், சில நேரம் கறுப்புக் கோட்டு போட்டவரே சொல்வார். ஆள் பிடிபட வேண்டும், வழக்கு நடக்க வேண்டும், தண்டனை கிடைக்க வேண்டும், அதன் பிறகே அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது தவறு. 2009 டிசம்பர் 31 முதலே தவறு.

அன்றுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய 357-ஆம் பிரிவில் இழப்பீடு என்பது பெரும்பாலும் குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து கிள்ளிக் கொடுப்பது. தண்டனை இல்லையா, அபராதமும் இல்லை, இழப்பீடும் இல்லை. அப்படியே கிடைத்தாலும் மேல்முறையீட்டுக் காலம் தாண்டும்வரை கைக்கு வராது. ஒரு தலைமுறை வக்கீல்களும் ஸ்டேஷன் ரைட்டர்களும் இதைப் பார்த்தே தொழில் பழகினார்கள். சட்டம் மாறிவிட்டது. அவர்கள் சொல்லும் பதில் மாறவில்லை.

357ஏ-யில் பணம் குற்றவாளியின் பையிலிருந்து வர வேண்டியதில்லை. மாநில அரசே அதற்கென ஒரு திட்டம் வகுத்து நிதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டுத் திட்டம் 2013-ல் வந்தது. செய்தவன் யாரென்றே தெரியாமல், விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரடியாக மனு கொடுக்கலாம். ஆணைக்குழு 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். அவசரத்துக்கு இடைக்கால நிவாரணமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இதே ஏற்பாடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவில் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக்கு முன்பே பணம் தரச் சொல்லும் சட்டம் இது ஒன்று மட்டும் இல்லை. போக்சோ வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மத்திய விதிகளின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ கொல்லப்பட்டால் குடும்பத்துக்கு 8,25,000 ரூபாய். பாதி, பிரேதப் பரிசோதனை முடிந்ததும். மறுபாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தீர்ப்பு என்ற சொல்லுக்கே அந்தக் கணக்கில் இடமில்லை.

இந்த மூடநம்பிக்கையின் விலையைப் பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலைக்குப் போக வேண்டும். இடித்துவிட்டு வண்டி நிற்காமல் போய்விடுகிறது. நம்பர் தெரியாது. “வண்டியே கிடைக்கலை, யாரைப் போய்க் கேக்கிறது?” என்று குடும்பம் அடங்கிவிடுகிறது. ஆனால் வண்டி கிடைக்காதவர்களுக்காகவே மோட்டார் வாகனச் சட்டத்தில் 161-ஆம் பிரிவு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்பு 25,000-மும் 12,500-மும்தான். மனு கொடுக்கக் கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம், விசாரிப்பது வருவாய்த் துறை.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 2022-ல் நாடு முழுவதும் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்து சேர்ந்த மனுக்கள் 205. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகு, இது பயனாளிகளின் அசட்டை என்று யாராவது சொன்னால் அவரிடம் பேசிப் பயனில்லை. ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், காயம்பட்டவருக்கோ இறந்தவரின் வாரிசுக்கோ இந்தத் திட்டத்தைப் பற்றிப் போலீசே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிக் கடிதம் வாங்கியவரை உங்கள் தாலுகாவில் தேடிப் பாருங்கள்.

இன்னொரு பயமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பணம் வாங்கினால் கேஸ் போச்சு, ஊர் தப்பாகப் பேசும் என்பது. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கட்டப்பஞ்சாயத்தில் பணத்தைக் கையில் திணித்து வாயை அடைக்கும் வழக்கத்தை நம் ஊர்கள் நிறையவே பார்த்திருக்கின்றன. ஆனால் அது எதிராளி கொடுக்கும் ராஜிப் பணம். இது அரசு கொடுப்பது. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி எந்த நிபந்தனையும் இதில் இல்லை. பொய்ப் புகார் கொடுத்துப் பணம் பறிப்பார்கள் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: ஆணைக்குழு விசாரிக்காமல் தருவதில்லை.

இதற்கெல்லாம் அதிகார வட்டம் எப்போதும் நீட்டும் மருந்து விழிப்புணர்வு முகாம். நவம்பர் 9, தேசிய சட்டப்பணிகள் தினம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து வெயிலில் நடக்கிறார்கள், நீதிபதி கொடியசைக்கிறார், மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அடுத்த மாதம் தன் வீட்டில் கொலை விழும் என்று யாருக்குத் தெரியும், குறிப்பெடுத்துக்கொள்ள? ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்வதைக் கேட்டு எவரும் சட்டப் பிரிவை மனப்பாடம் செய்து வைக்கப்போவதில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. இந்தத் தகவல் யாருக்குத் தேவை என்பது அரசுக்கு ஆள் ஆளாகத் தெரியும். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் வரை எஃப்.ஐ.ஆரில் எழுதி வைத்திருக்கிறது. காயம் எத்தனை சென்டிமீட்டர் என்று ஜி.எச். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவும் எழுதத் தெரிந்தவர்களுக்கு, “நீங்கள் இன்ன இடத்தில் மனு கொடுக்கலாம்” என்று ஒரு வரி சொல்ல மட்டும் வராது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். ஆக இரண்டு முறை, போலீஸ் கையிலிருந்து அந்த வீட்டுக்குத் தகவல் போயே ஆக வேண்டும். அந்த நகலின் அடியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முகவரியையும் 15100 என்ற இலவச உதவி எண்ணையும் அச்சடிக்க முகாம் வேண்டாம், பேரணி வேண்டாம், சட்டத் திருத்தமும் வேண்டாம். டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.