கூடம் கோணலா?

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையைத் தான் நிற்கும் இடத்தின்மேல் ஏற்றிக் கூறும் மனித இயல்பை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. எனினும், கூடம் உண்மையிலேயே கோணலாயிருப்பதும் உண்டன்றோ? அக்காலத்து, பிழை ஆடுபவரிடத்ததா கூடத்ததா என்று துணிவது எங்ஙனம்? பொதுமக்கள் பணத்தைக்கொண்டு ஒரு விளையாட்டு நிலம் அமைக்கப்பெறுந்தோறும் இவ்வினா எழுகின்றது. புதிதாய்த் திறக்கப்பெற்ற பொதுக் கோல்ப் மைதானத்தைப் பற்றி ஆட்டக்காரர் கூறும் அபிப்பிராயங்களுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள். தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சியால் ஆவதென்ன என்பார்க்கு விடை பின்னர்க் கூறுவோம்.

பிற விளையாட்டுக்கள் சிலவற்றில் ஆடுகளத்தின் அளவு யாண்டும் ஒன்றே. டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி என்பது பாளையங்கோட்டையிலும் மாறாது, பாரிஸிலும் மாறாது. கோல்ப் ஆட்டத்திலோ பந்து சென்று விழவேண்டிய குழியின் குறுக்களவு மட்டும் நாலேகால் அங்குலம் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. தூரம், வளைவு, மேடு, பள்ளம், மணற்குழி, நீரோடை ஆகிய ஏனைய யாவும் மைதானத்தை வகுப்போர் விருப்பத்தையும் நிலத்தின் இயல்பையும் பொறுத்தவை. ஆதலின் இவ்வாட்டத்தில் எதிரி மற்றோர் ஆட்டக்காரர் அல்லர், நிலமே எதிரி. தோற்றவன் எதிரியை ஏசுதல் இயற்கை. முதல்நாள் ஆட்டத்தில் குறைந்த அடிகளில் முடித்தவர் மைதானத்தின் அமைப்பை வானளாவப் புகழ்வதும், மணற்குழியிற் சிக்கி அல்லலுற்றவர் அமைத்தவருக்கு அறிவில்லை என்று முடிவுகட்டுவதும் இதனாலேயே.

இதற்குத் தக்க சான்று ஒன்று உளது. ஸ்காத்லாந்து தேசத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தின் பழைய மைதானம் மிகத் தொன்மையானது. எவரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய பொது நிலம். 1921-ஆம் வருஷத்தில் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அங்கு நடந்த பெரும் போட்டியில் முதன்முறை ஆடினார். மூன்றாம் சுற்றின் 11-ஆம் குழியில் மணலிற் சிக்கிப் பொறுமையிழந்து, ஆட்டத்தையே கைவிட்டார். அன்று அவர் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தால் என்ன கூறியிருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அவர் அம்மைதானத்தை விட்டொழிந்தாரில்லை. 1927-இல் அங்கேயே வெற்றி பெற்றார். 1930-இல் மீண்டும் வென்றார். 1958-இல் அந்நகரத்தார் அவருக்கு நகர உரிமை வழங்கிக் கௌரவித்தனர். மைதானம் மாறவில்லை, ஆடினவர் மாறினார். இங்குக் கூடம் கோணலன்று.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்துக் கடற்கழி ஒன்றன் அருகே சரளைக்கல்லும் மணலும் தோண்டி எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில், பியர்ஸ் கவுண்டி நிர்வாகத்தார் பொதுமக்களுக்கென 2007-ஆம் ஆண்டில் சேம்பர்ஸ் பே என்ற மைதானத்தைத் திறந்தனர். எட்டே ஆண்டுகளில், 2015-இல், அந்நாட்டின் தலைமையான போட்டி அங்கு நடைபெற்றது. குழியைச் சூழ்ந்து ஒட்டக் கத்தரிக்கப்படும் புல்தளத்தைக் 'கிரீன்' என்பர். அம்மைதானத்துக் கிரீன்களில் இருவகைப் புற்கள் கலந்து வளர்ந்து, மேற்பரப்பு ஒருசீராய் இல்லாமையால் பந்து துள்ளித் துள்ளி ஓடிற்று என்று ஆட்டக்காரர் பலரும் முறையிட்டனர். முடிவில் வெற்றி பெற்ற ஜோர்டான் ஸ்பீத் தாமே 18-ஆம் குழியின் அமைப்பைப் போட்டியின் நடுவே கடுமையாய்க் குறைகூறினார். செங்குத்தான மணற்சரிவுகளில் நின்று காண்பது அரிதென்று பார்வையாளரும் வருந்தினர். பின்னர் நிர்வாகத்தார் கிரீன்களின் புல்லையே மாற்றியமைத்தனர். ஈண்டுக் கூடமே சிறிது கோணலாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் முதல் அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. தோற்றவர் மட்டும் கூறும் குறை ஐயத்துக்குரியது. வென்றவரும் சேர்ந்து கூறும் குறை ஆராய்ச்சிக்குரியது. இரண்டாவது அளவுகோல் காலம். புது மைதானத்தின் புல் வேரூன்றாது. மழைநீர் எங்குத் தேங்கும் என்பது ஒரு மழைக்காலம் கழியுமுன் புலப்படாது. திறப்புவிழாவன்று எழுதப்படும் புகழுரையும் இகழுரையும் பெரும்பாலும் விருந்துண்ணுமுன் சமையலை மதிப்பிடுதல் போன்றனவே.

மூன்றாவது அளவுகோல் இவ்விரண்டினும் பெரிது. ஆனால் அதனைக் கருதுவோர் சிலரே. மைதானத்தைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் வல்லவர். மெலிந்த ஆட்டக்காரரோ வெட்கத்தால் வாய் திறவார். இரண்டுமுறை பந்தைத் தொலைத்தபின் மூன்றாமுறை வாரார். ஒரு சங்கத்தார் தமக்கென அமைத்த மைதானத்தில் அவர் வாராமை பெருங்குறையன்று. பொதுமக்களுக்கென அமைத்த மைதானத்திலோ அதுவே பெருங்குறை. அலிஸ்டர் மக்கென்ஸி என்பார் மருத்துவராயிருந்து மைதானங்கள் வகுக்கும் தொழிலுக்கு வந்தவர். 1920-இல் அவர் வெளியிட்ட நூலில், வல்லவனைச் சோதிக்கும் நிலம் மெலியவனைத் துன்புறுத்தல் ஆகாது. அவனுக்குச் சுற்றுவழி ஒன்று வேண்டும். தொலைந்த பந்தைத் தேடி அலையும் எரிச்சல் இருத்தலாகாது என்ற கருத்துக்களை வற்புறுத்தினார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் அகன்ற வெளியாய்க் கிடப்பதன் நுட்பம் இதுவே. இடர்மிக்க நேர்வழியிற் செல்லத் துணிந்தவனுக்கு ஆதாயம் உண்டு. துணியாதவன் ஓரடி கூடுதலாய் அடித்தேனும் குழியை அடைவான். இருவரும் ஒரே நிலத்தில் மகிழ்வுடன் ஆடி முடிக்கலாம்.

நான்காவதாக ஆடாதவரின் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பொது நிலத்தில் அவருக்கும் பங்குண்டு அன்றோ? செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளுடன் அப்புல்வெளியில் உலாவுவர். சேம்பர்ஸ் பே மைதானத்தின் ஊடே பொதுமக்கள் நடந்துசெல்லப் பாதை வைத்துள்ளனர். புல் பற்றிய குறை அங்கு இருந்ததெனினும், இவ்வொன்றில் அவ்வமைப்புப் போற்றத்தக்கதே. ஆட்டக்காரர் அபிப்பிராயங்களில் மட்டும் கருத்தைச் செலுத்தியிருந்தால் இந்நற்பண்பு நம் கண்ணிற் படாமலே போயிருக்கும்.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ப் சங்கம் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே முதலாவது. நம் மாகாணத்தில் கொடைக்கானல் கோல்ப் சங்கம் 1895-இல் தோன்றியது. ஆயினும், டெல்லி வளர்ச்சி ஆணையத்தார் குதுப்மினாருக்கு அருகே நாட்டின் முதற் பொதுக் கோல்ப் மைதானத்தைத் திறந்தது 2000-ஆம் ஆண்டில்தான். சங்க உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கொடுத்து ஆடலாம் என்னும் நிலை வருவதற்கு 170 ஆண்டுகள் கடந்தன. இடைக்காலத்தில் ஏழைச் சிறுவர்க்குத் திறந்திருந்த வாயில் பிறர் மட்டைகளைச் சுமக்கும் தொழில் ஒன்றே. அவ்வாறு பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த முனியப்பா 2009-இல் இந்தியப் பெரும்போட்டியில் வெற்றி பெற்றார். வாயில் அகலத் திறந்திருந்தால் இன்னும் எத்தனை முனியப்பாக்கள் வெளிப்பட்டிருப்பர் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை.

ஆதலின், பொது மைதானம் வேண்டா என்பது நம் கருத்தன்று. நாளை திருநெல்வேலிச் சீமையில் ஒன்று அமையுமாயின், எங்கு, எவ்வாறு என்பதே வினா. முழு அளவினதாகிய 18 குழி மைதானத்துக்கு ஏறத்தாழ 100 ஏக்கருக்குக் குறையாத நிலம் வேண்டும். நம் வெயிலில் அப்புல்லைக் காக்க நாடோறும் பல லட்சம் லிட்டர் நீர் வேண்டும். பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலருகே கடலிற் கலக்கும் தாமிரபரணியின் நீர், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை அணைகளால் தடுக்கப்பெற்று, கால்வாய் வழியே குளங்களை நிரப்பி, காரும் பிசானமுமாய் விளைகின்றது. கடைமடை உழவன் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறி நோக்கி நிற்கும் காலத்தில், அவன் கண்ணெதிரே விளையாட்டுப் புல்லுக்கு ஆற்றுநீர் பாய்வதாயின், அம்மைதானத்தின் வளைவும் மேடும் எத்துணை அழகியவாயினும் அமைப்புப் பிழையே. அவ்வபிப்பிராயத்தை உரைக்க அவன் மட்டை பிடித்திருக்க வேண்டுவதில்லை.

எனவே நாம் வேண்டுவன சில. நஞ்சை நிலத்தையும் குளத்தின் நீர்பிடிப்பையும் தொடலாகாது. கல்வெட்டிக் கைவிட்ட நிலமோ பயிருக்குதவாத புறம்போக்கோ முதலில் ஆராயப்படவேண்டும். ஆற்றுநீரன்றி, நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சவேண்டும். முதற்கண் 9 குழிகளே போதும். ஊரார் உலாவப் பாதையும், பள்ளிச் சிறுவர் குறைந்த கட்டணத்தில் பயில நேரமும் வேண்டும். திறந்தபின் ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்த பிறகு அபிப்பிராயம் கேட்கப்படுக: வல்லவரிடம் மட்டுமன்று, மெலியவரிடமும், பை சுமப்பவரிடமும், பாதையில் நடப்பவரிடமும், அயலிலுள்ள உழவரிடமும் கேட்கப்படுக.

ஆடத் தெரிந்தவர் மட்டும் நேரென்று கூறும் கூடம் பாதி நேரானதே. வாசலில் நிற்பவரும் நேரென்று கூறுவாராயின், அதுவே பொதுக்கூடம் என்னும் பெயருக்கு உரியது.