பேராதனையில் நமக்கு இரண்டு பீடங்கள் மட்டும்தானா?

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் நமது ஊர்ச் சந்திகளில் வாழ்த்துப் பதாகைகள் தொங்குகின்றன. அநேகமாக மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களே அவற்றில் இருக்கும். மற்றப் பிள்ளைகளுக்குப் பதாகை அடிக்க யாரும் காசு சேர்ப்பதில்லை.

1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் பேராதனைக்கு இடம்மாறத் தொடங்கியது. இன்று அங்கே ஒன்பது பீடங்கள். மிருக வைத்தியம் படிப்பதற்கு இந்நாட்டில் போக வேண்டிய இடமும் அதுதான். உழ்ஹிய்யா மாட்டுக்குச் சான்றிதழ் தேடி ஒவ்வொரு வருடமும் அலைகிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பாடநெறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, விளைச்சல் விழும் என்று பகிரங்கமாக எச்சரித்தவர்களில் பேராதனை விவசாய பீடப் பேராசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் ஊகத்தில் பேசவில்லை. நெற்பயிருக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும், கூட்டெரு அதில் எவ்வளவைக் கொடுக்கும் என்பது ஆய்வு வயல்களில் ஆண்டுக்கணக்காக அளந்து கண்ட விடயம். அரசாங்கம் செவிசாய்க்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்தபோது பெரும்போகம் தொடங்கியிருந்தது. அந்தப் போகத்தின் அறுவடையைச் சம்மாந்துறை, அக்கரைப்பற்று விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதற்கு என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்படி வயலையும் மாட்டையும் நம்பி வாழும் சமூகம், அவற்றைப் படிக்கும் பீடங்களைத் தோற்றவர்களின் இடமாகப் பார்க்கிறது. இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. வகுப்பில் "டொக்டராக வேண்டும்" என்ற பிள்ளையைத்தான் நாங்களும் கைதட்டி இருத்துகிறோம்.

என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு இரண்டாவது தடவையில் பேராதனை விவசாய பீடம் கிடைத்தது. வாப்பா நெல் செய்பவர். "வயல்ல நிக்கவா புள்ளைய இவ்வளவு படிப்பிச்சேன்?" என்று அவர் கேட்டபோது என்னாலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் பதிவு செய்யவில்லை. மூன்றாவது தடவையும் எழுதினாள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. அந்த முறை கிடைத்த இஸட் புள்ளி விவசாயத்தின் வெட்டுப்புள்ளிக்கும் கீழே இருந்தது.