கேப் ஹார்ன்: நீங்க எந்தப் பக்கமா போறீங்க?

உலக மேப்பை எடுத்துத் தென் அமெரிக்காவைப் பாருங்க. கீழே போகப் போக மெலிஞ்சு, கடைசியில வால் மாதிரி வளைஞ்சு முடியுது இல்லையா? அந்த வால் நுனியில சிலி நாட்டுக்குச் சொந்தமா ஹார்னோஸ்னு ஒரு குட்டித் தீவு. அதோட தெற்கு ஓரத்துல 400 மீட்டருக்கு மேல உயரமா ஒரு கறுப்புப் பாறை. அதுதான் கேப் ஹார்ன். 1616-ல ஸ்கௌட்டன், லெ மேர்னு ரெண்டு டச்சுக்காரங்க இதைச் சுத்திப் போனாங்க. ஹாலந்துல இருக்கிற ஹோர்ன்ங்கிற ஊர்ப் பேரையே வெச்சாங்க. ‘கொம்பு’க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அப்படி என்ன பயம்? உலகத்தைச் சுத்தி அந்த அட்சரேகையில காத்தைத் தடுக்க நிலமே கிடையாது. மேற்குக் காத்து கேக்க ஆளில்லாம சுத்திச் சுத்தி வருது. அது கிளப்புற அலை பசிபிக் முழுக்க ஓடி வந்து, ஹார்ன் பக்கத்துல திடீர்னு முட்டுது. 4,000 மீட்டர் ஆழமா இருந்த கடல், அங்கே சில நூறு மீட்டரா, இன்னும் கிட்டே போனா நூறு மீட்டரா சுருங்கிடுது. கீழே இடமில்லாத அலை என்ன பண்ணும்? மேலே எழும்பும், செங்குத்தாகும், உடையும். தெற்கே அன்டார்க்டிகா பக்கத்துத் தீவுகள் வரைக்கும் சுமார் 800 கிலோமீட்டர் இடைவெளிதான். அத்தனை காத்தும் நீரோட்டமும் அந்தச் சந்துக்குள்ளேதான் புகுந்து போகணும்.

இப்போ உங்க கையில ஒரு பாய்மரப் படகு. அட்லான்டிக்ல இருக்கீங்க, பசிபிக் போகணும். 1914-ல திறந்த பனாமா கால்வாய் வழியா போயிடலாமேன்னு சொல்றவங்க அப்படியே பக்கத்தைத் திருப்பிடுங்க. மத்தவங்க வாங்க.

முதல் வழி, மாகெல்லன் நீரிணை. 1520-ல மாகெல்லன் இதைக் கடக்க 38 நாள் ஆச்சு. ரெண்டு பக்கமும் நிலம் இருக்கிறதால பெரிய அலை வராது. ஆனா மலை உச்சியிலேர்ந்து குளிர்க்காத்து திடீர்னு உருண்டு வந்து படகைச் சாய்ச்சிடும். ‘வில்லிவா’ன்னு பேரு. 1896-ல ஜோஷுவா ஸ்லோகம் தனி ஆளா ‘ஸ்ப்ரே’ங்கிற படகுல இங்கேதான் மாட்டினார். நீரிணையைத் தாண்டி பசிபிக்ல மூக்கை நீட்டினதும் புயல் அவரைத் தெற்கே ஹார்ன் பக்கம் தள்ளிட்டுப் போச்சு. பாறைகளுக்கு நடுவுல தப்பிச்சு, மறுபடி அதே நீரிணைக்குள்ள வந்து, முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். ராத்திரி யாரும் படகுல ஏறிடக் கூடாதுன்னு தளம் முழுக்கக் குட்டி ஆணிகளைத் தூவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோட ஏறின பூர்வகுடிகள் அலறிக் குதிச்சாங்கன்னு அவரே எழுதியிருக்கார். படிக்க சிரிப்பாதான் இருக்கு. அந்த மக்களோட நிலத்தை அப்போ யார் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கங்கிறது அவ்வளவு சிரிப்பான கதை இல்லை.

ரெண்டாவது, பீகிள் கால்வாய். வடகரையில அர்ஜென்டினாவோட உஷுவாயா, தென்கரையில சிலியோட புவெர்ட்டோ வில்லியம்ஸ். நங்கூரத்தை மட்டும் நம்பினா இங்கே வேலைக்காகாது. நீளக் கயிறுகளைக் கரைக்குக் கொண்டு போய் மரத்துலேயும் பாறையிலேயும் கட்டணும். காத்து அடங்கினா கொஞ்ச தூரம், இல்லேன்னா அங்கேயே சமையல், தூக்கம், சீட்டாட்டம். ஹார்னைப் பார்த்தே ஆகணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் ஆரம்பப் புள்ளி இதுதான். சிலி கடற்படைகிட்ட அனுமதி வாங்கி, ஹெர்ஷெல் தீவோட மார்ஷியல் குடாவுல போய்ப் பதுங்கிக்கணும். வானிலை அறிக்கை சாதகமா இருந்தா விடியக்காலைல கிளம்பி, ஹார்னைச் சுத்திட்டுப் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் அங்கே கோடை, பகல் ரொம்ப நீளம். அதுக்காகப் புயல் லீவு போட்டிருக்கும்னு நினைச்சுடாதீங்க.

மூணாவது, நேரா திறந்த கடல்ல மேற்கு நோக்கிப் போறது. எதிர்க்காத்து, எதிர் நீரோட்டம், எதிர் அலை... எல்லாமே எதிர். 1788-ல ‘பவுன்டி’ கப்பலோட வில்லியம் பிளை கிட்டத்தட்ட ஒரு மாசம் முட்டிப் பார்த்தார். ஒரு நாள் பத்தடி முன்னே, மறுநாள் இருபதடி பின்னே. கடைசியில கப்பலைத் திருப்பி, ஆப்பிரிக்காவைச் சுத்தி, பாதி உலகத்தைக் கடந்து தாஹிதிக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அவர் கப்பல்ல நடந்த கலகத்தைத்தான் சினிமாவா எடுத்தாங்க. என்னைக் கேட்டா, அவர் திரும்பின அந்த நாள்தான் பெரிய சீன். மேலிடத்து உத்தரவு ஹார்ன் வழியா போன்னு இருக்கு. வீம்புக்கு நின்னிருந்தா கலகம் பண்ணக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

ஸ்மீட்டன் தம்பதி கதையும் அப்படித்தான். 1957-ல ரெண்டு தடவை முயற்சி பண்ணி, ரெண்டு தடவையும் அவங்க படகு ‘ட்ஸூ ஹாங்’ கவிழ்ந்து, பாய்மரம் போச்சு. முதல் தடவை மனைவி பெரில் கடல்லேயே தூக்கி வீசப்பட்டு நீந்தி வந்து ஏறினாங்க. பிறகு 1968-ல மூணாவது தடவை சுத்திட்டாங்க. நடுவுல பத்து வருஷத்துக்கு மேல ஓடியிருந்தது!

பசிபிக்லேர்ந்து கிழக்கே வந்தா காத்து முதுகுல தள்ளும். சுலபம்தானேன்னு தோணுமே? அங்கேதான் வேற சிக்கல். அலைச் சரிவுல படகு ரொம்ப வேகமா வழுக்கினா மூக்கு தண்ணியில குத்தி, குட்டிக்கரணம் அடிச்சிடும். அதனால பின்னால தடிமனான கயிறுகளை இழுத்து விட்டு வேகத்தைக் குறைப்பாங்க. பிரெஞ்சுக்காரர் மோட்டெஸியே மனைவியோட தாஹிதிலேர்ந்து ஹார்ன் வழியா ஊர் திரும்பினப்போ இதைத்தான் செஞ்சார். ஆனா படகு சுக்கானுக்கு அடங்கலை. 1940-கள்ல தனியா ஹார்னைச் சுத்தின அர்ஜென்டினாக்காரர் வீட்டோ டுமாஸ் வேகத்தைக் குறைக்காம ஓடினது ஞாபகம் வந்துச்சு. கத்தியை எடுத்துக் கயிறுகளை வெட்டி விட்டார். அலையை நேரா வாங்காம லேசா சாய்வா வாங்கினதும் படகு சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. 1966 ஜனவரியில ஹார்னைத் தாண்டினார்.

உடனே ‘கயிறு கூடாது’ன்னு நோட்ஸ் எடுத்துடாதீங்க. 1969 ஜனவரி 17-ல ஹார்னைத் தாண்டின ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் புயல்ல கயிறை இழுத்துவிட்டுத்தான் பிழைச்சார். அவரோட ‘சுஹைலி’ 32 அடி தேக்குப் படகு, வேற சுபாவம். (அதைக் கட்டினது நம்ம பம்பாய்ல!) உங்க படகு எந்த ரகம்னு ஹார்னுக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

இன்னொரு பொறி. வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ‘பொய் ஹார்ன்’னு ஒரு முனை, பார்க்கிறதுக்கு ஏறக்குறைய அசல் மாதிரியே இருக்கும். ஜி.பி.எஸ். இல்லாத காலத்துல, ‘அப்பாடா, தாண்டிட்டோம்’னு வடக்கே திரும்பின கப்பல்கள் நேரா தீவுக் கூட்டத்துல போய் மோதின.

2025 பிப்ரவரியில நம்ம கடற்படையோட ‘தாரிணி’ இந்த வழியாத்தான் போச்சு. சுமார் 17 மீட்டர் படகு, உள்ளே ரெண்டே பேர். கேரளத்து தில்னாவும் புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும். நியூசிலாந்தோட லிட்டெல்டன்லேர்ந்து ஃபாக்லாந்துத் தீவு வரைக்கும் நடுவுல எங்கேயும் நிக்கலை. இன்ஜினை நம்பாம பாயை மட்டும் நம்பி, காத்தும் அலையும் போட்டு உலுக்க, ஹார்னைத் தாண்டினாங்க. 2024 அக்டோபர்ல கோவாவை விட்டவங்க, 2025 மே மாசக் கடைசியில அதே கோவாவுக்கு வந்து சேர்ந்தாங்க.

ஹார்னோஸ் தீவுல ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு. சிலி கடற்படை வீரர் ஒருத்தர் மனைவி, குழந்தைகளோட அங்கேயே குடியிருந்து அதைப் பார்த்துக்கிறது வழக்கம். நீங்க கிட்டே போறப்போ ரேடியோவுல கூப்பிடுவாங்க. படகு பேரு என்ன, எத்தனை பேர் இருக்கீங்க, எங்கேர்ந்து எங்கே போறீங்க? பதிலைத் தெளிவா, மெதுவா சொல்லுங்க. அவங்க எழுதிக்கணும்.