கனகராயன்குளத்தில் நில்லாத பேருரை

சென்ற வாரம் கனகராயன்குளச் சந்தியில் பஸ்ஸின் வரவு பார்த்து நின்றோம். தேநீர்க் கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றில் நிகழவிருக்கும் நினைவுப் பேருரை பற்றியது. பேசவிருப்பவர் கடல் கடந்து வரும் பேராசிரியர். பொருள், வரண்ட வலயத்தின் நிலத்தடி நீர். அடியிலே ‘அனைவரும் வருக’ என்ற தொடர் மற்றெல்லா எழுத்துக்களையும்விடப் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது.

எம்மருகில் நின்ற கமக்காரர் ஒருவர் அதனை முதலிலிருந்து முடிவு வரை நிதானமாக வாசித்தார். பக்கத்திலே அவருடைய மகள், உயர்தர வகுப்பு மாணவி, புத்தகப் பையுடன் நின்றாள்.

“உதுக்கு எங்களையும் உள்ள விடுவினமோ, ஐயா?” என்று கேட்டார் அவர்.

“அனைவரும் வருக எண்டுதானே போட்டிருக்கினம். நீங்களும் அதுக்குள்ள அடக்கந்தானே” என்றோம்.

“அது சரி ஐயா. பின்னேரம் மூண்டரைக்குத் தொடங்கினா, முடிஞ்சு நாங்கள் திரும்பி வாறதுக்குப் பஸ் ஏது?”

இதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. எமது பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். இவ்வாரம் எழுத உட்கார்ந்தபோது வேறு விஷயம் எதுவும் மனத்தில் ஏற மறுத்தது.

பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குள் அனுமதி பெற்றோரே புகலாம். நூலகத்துக்கு அட்டை வேண்டும். ஆய்வுகூடத்துக்கோ சாவி வைத்திருப்பவரின் தயவு வேண்டும். பொதுச் சொற்பொழிவு ஒன்றுக்கே இவை எவையும் வேண்டா. நமது நாட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. எஞ்சிய மூவரும், பரீட்சை மண்டபத்தின் வாசலையே மிதியாத பெற்றோரும் செலுத்தும் வரியிலேதான் அந்நிலையங்கள் நடைபெறுகின்றன. அவர்களுக்கென்று அங்கே ஒதுக்கப்பட்டிருக்கும் பங்கு யாது என்று தேடினால், ஆண்டுக்குச் சில நாட்கள் நிகழும் இந்த ஒரு மணி நேரப் பேச்சே மிஞ்சுகிறது. அதுவும் கைக்கு எட்டாதெனில் ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

வடபுலத்தில் பொதுச் சொற்பொழிவு பல்கலைக்கழகத்தோடு பிறந்ததன்று. 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 25. பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஆசிரியராக இருந்துகொண்டே, பாதிரிமார் கையாண்ட மேடைப் பேச்சு முறையைத் தம் சமயத்தின் தேவைக்கு எடுத்தாண்டார். வெள்ளிக்கிழமை தோறும் அப்பிரசங்கம் தொடர்ந்தது. கேட்க வந்தவர் யார்? கோயிலுக்கு வந்த எவரும். அவர்களிடம் எந்தச் சான்றிதழும் கேட்கப்படவில்லை.

அதற்கு அரை நூற்றாண்டின் பின்னர், 1897 ஜனவரியில், சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, கண்டி, தம்புள்ளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார். அந்தப் பயணம் சுகமானதன்று. தம்புள்ளையைக் கடந்ததும் வண்டியின் முன்சில்லு உடைந்து மூன்று மணி நேரம் வழியோரத்தில் காத்திருந்தார். பின்னர் மாட்டு வண்டியில் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தார். அநுராதபுரத்தில் அரச மர நிழலில் அவர் பேச, கூட்டத்தில் சிலர் பறை முழக்கியும் சேகண்டி அடித்தும் குழப்பினர். வவுனியாவில் இந்துக்கள் தமிழிலே நீண்டதொரு வரவேற்புப் பத்திரம் வாசித்தளிக்க, அவர் சுருக்கமாகப் பதில் உரைத்தார். யாழ்ப்பாணத்தில் இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றி ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். திரண்டிருந்தவர் ஏறத்தாழ 4,000 பேர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது என்பதையும் நினைத்துக்கொள்க.

அந்தப் பயண விவரத்தில் வவுனியாவுக்கு அடுத்து வரும் ஊர்ப் பெயர் ஆனையிறவு. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் ‘அழகிய காடு’ என்ற அளவில் முடிந்துபோகிறது. கண்டி வீதியில் வவுனியாவை விட்டு ஆனையிறவை அடைபவர் கனகராயன்குளத்தைத் தாண்டாமற் போக இயலாது. ஆக, அவரும் எம்மைக் கடந்தே சென்றார். சுவாமிகளின் மேல் எமக்குக் குறையில்லை. 1897 இல் இங்கு நிறுத்தி யாரிடம் பேசுவது? காட்டிடையே சில குடிகள், குளம், இரவானால் கரடி. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும் இந்த வழக்கம் மாறாதிருப்பதே எம்மை உறுத்துகிறது.

இன்று எமக்கு இருபுறமும் பல்கலைக்கழகங்கள். வடக்கே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே 1974 இல் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அதன் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகருக்கே வந்துவிட்டன. தெற்கே, 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக அரும்பி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனித்து எழுந்த வவுனியாப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு வீதியால் வரும் விருந்தினரின் வாகனம் பெரும்பாலும் எமது சந்தியைத் தாண்டியே செல்லும். சிலர் இறங்கித் தேநீர் அருந்துவதும் உண்டு. நிலத்தடி நீரைப் பற்றி ஆயுள் முழுதும் ஆராய்ந்த ஒருவர், கிணறு வற்றிய கமக்காரருக்குப் பக்கத்து வாங்கில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வண்டியேறிச் சென்றிருக்கவுங் கூடும்.

“கிராமத்தாருக்கு இவையெல்லாம் விளங்குமா?” என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்கள் கந்தசஷ்டி நாட்களில் எமது கோயில்களுக்கு வந்து பார்க்கவேண்டும். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். செய்யுள் கடினமானது, கேட்போரிற் பலர் இலக்கணம் கல்லாதவர். எனினும் பயன் சொல்பவர் ஓரிடத்தில் வழுவினால், தூணோரம் சாய்ந்திருக்கும் கிழவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து திருத்துவார். கடினமான பொருளைக் கேட்டு அறியும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. பயன் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவே.

இந்த ஐயம் பிற நாட்டிலும் எழுந்ததுதான். 1867 இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற இளைஞரை, வட இங்கிலாந்து நகரங்களின் பெண்கள் கழகங்கள் அழைத்தன. கற்பிக்கும் முறை பற்றிப் பேசவேண்டுமென்பது அவர்களின் வேண்டுகோள். முறையைப் பேசுவதிலும் ஒரு பொருளைக் கற்பித்தே காட்டுவது மேல் என்று அவர் வானசாஸ்திரத்தை எடுத்துக்கொண்டார். இளைஞரான ஆசிரியரும் இளம் பெண்களும் நேருக்கு நேர் வினாவும் விடையும் பரிமாறுவது அக்காலத்தில் அடக்கமாகக் கருதப்படாமையால், வினாக்களை எழுதிக் கொடுத்து விடைகளை எழுத்திலே வாங்கினார். எழுத்து வேலை என்ற வழக்கம் அவருடைய சொற்பொழிவுகளில் இவ்வாறு ஒரு நாணத்தின் காரணமாகவே புகுந்தது என்பது சுவையான செய்தி!

அதனினும் சுவையானது ரோச்டேல் நகரில் நிகழ்ந்தது. 1844 இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட தொழிலாளரின் ஊர் அது. எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கெல்லாம் மூதாதையூர் என்னலாம். அங்கே ஒரு நாள் பேசி முடித்த ஸ்டுவர்ட், அவசரமாகப் புறப்பட நேர்ந்ததால், தமது விளக்கப் படங்களை அடுத்த வாரம் வரை சுவரிலேயே விட்டுவைக்குமாறு மண்டபக் காவலரிடம் வேண்டிச் சென்றார். மறுவாரம் வந்தபோது, படங்களைச் சூழ நின்று விவாதித்த சங்க உறுப்பினர் பலர் வினாக்களோடு காத்திருப்பதாகக் காவலர் சொன்னார். அன்று முதல் சொற்பொழிவோடு கேள்வி நேரமும் சேர்ந்துகொண்டது. 1873 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இந்த வெளியூர்ச் சொற்பொழிவுகளைத் தன் பணியாக ஏற்றது. நூல் நூற்போரும் நெய்வோரும் வானசாஸ்திரம் கேட்டனர்; உலகம் தலைகீழாகிவிடவில்லை.

நிற்க. எமது பேருரைகளின் ஒழுங்கு முறையைப் பற்றியும் ஒரு சொல். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசில் எல்லாம் நிறைவேறிய பின்னர், “நேரத்தின் அருமை கருதி” என்று ஒரு துண்டு பேச்சாளரின் கைக்குப் போகும். அருமை முழுதும் அவர் தலையில்! வினாவுக்கு இடமே இல்லை. பின் வரிசையில் அமர்ந்த மாணவர் கைபேசியைத் தடவுவதற்கு நாம் அவர்களை மட்டும் கடிந்து பயனில்லை.

இவ்வூரில் உயர்தரம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தம் பள்ளிப் பருவத்தை இடப்பெயர்வுக்கு இடையிலே கழித்தவர்கள். மர நிழலே வகுப்பறையாக இருந்த ஆண்டுகள் அவை. இந்த வீதியும் 2006 ஆகஸ்டில் மூடப்பட்டுப் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்குத் திறந்தது. வீதி திறந்து, பஸ் ஓடி, கார்ப்பெட் விரித்தாற்போல் தார் இட்டு, விருந்தினரெல்லாம் விரைவாகச் செல்கின்றனர். விரைவு கூடியதால் எமது சந்தி இன்னும் சிறுத்துப் போயிற்று.

நாம் கேட்பது பெரிதன்று. பல்கலைக்கழகங்களில் பேருரை ஆற்ற வரும் அறிஞர், வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ, ஒரு மணி நேரம் இங்கே இறங்கவேண்டும். அதே பொருளை, மேற்கோள்களைக் குறைத்து, பேச்சுத் தமிழில் சொன்னாற் போதும். அவருக்குத் தமிழ் வராதெனில் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பயன் சொல்லட்டும். கேட்க வேண்டிய பொருள்கள் எமக்குக் குறைவில்லை: குளத்தின் வண்டல், காரணம் இன்னும் முற்றத் துணியப்படாத சிறுநீரக நோய், ஊருக்குள் வரும் யானை, வன்னியின் பழைய அரசர் வரலாறு. பாதி நேரம் பேச்சுக்கு, பாதி நேரம் வினாவுக்கு. பொன்னாடை வேண்டாம். படங்கள் கொண்டுவந்தால் ஒரு வாரத்துக்குப் பாடசாலைச் சுவரிலே விட்டுச் செல்லலாம். நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம்.

இதனை எழுதி முடிக்கு முன் அந்தக் கமக்காரரை மீண்டும் சந்தித்தோம். திட்டத்தைச் சொன்னோம். மகள் சிறிது யோசித்து, தன் கொப்பியின் கடைசித் தாளில் ஏதோ எழுதிக் காட்டினாள். ‘எங்கட கிணத்துத் தண்ணி கொதிச்சாப் பானையில வெள்ளையாப் படியுது, அது என்ன? குடிக்கலாமோ?’ என்பது வினா. தந்தை வேறொன்றைச் சேர்க்கச் சொன்னார்: கூட்டத்தைப் பின்னேரம் இரண்டு மணிக்கு வைத்து நாலரைக்குள் முடிக்கவேண்டுமாம். அதற்குப் பிறகு யானை இறங்கிவிடும்.